ஏணியிலிருந்து விழுந்த நாய்

பின்னேரம் நாலு பத்துக்குத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஒரு நாய் ஏணியிலிருந்து விழுந்தது. உடனே எங்கள் வீடு முழுவதும் ஓடத் தொடங்கியது.

போர்க்காலம். எங்கள் ஊரான கண்டாவளையில் அப்போது மின்சாரம் இல்லை. அம்மாவின் தம்பியான மாமா, எங்கிருந்தோ தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார். பெரிய படம் தொடங்குவதற்கு முன் அந்தச் சின்னக் கார்ட்டூன் ஓடியது.

அதில் ஒருவரும் ஒரு சொல் பேசுவதில்லை. பெயர்ப்பலகைக்குப் பெயின்ற் அடிக்க வந்த நாய் ஒவ்வொரு படியாக ஏற, பியானோவில் ஒவ்வொரு சுரமாக ஏறும். அது யோசித்தால் வயலினும் யோசிக்கும். இன்று என் மகனுக்குக் கைபேசியில் போட்டுக் காட்டும்போதும், இசைக்கு இவ்வளவு அழகாகக் கதைக்கத் தெரியுமா என்று வியக்கிறேன். நாய் உச்சிப் படிக்கு வரும்போது மட்டும் என் விரல் தானாகவே சத்தத்தைக் குறைத்துவிடும்.

ஜெனரேற்றர் வந்ததிலிருந்தே அம்மாவுக்கு நிம்மதியில்லை. பீரங்கிச் செல் அடித்தால், அது கூவிக்கொண்டு வந்து விழுவதற்கு முன் தூரத்தில் 'தும்' என்று குத்தும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுத்தான் முற்றத்தில் வெட்டியிருந்த பதுங்குகுழியான பங்கருக்குள் ஓடுவோம்.

"இந்த இரைச்சலுக்குள்ள குத்துறது எப்பிடியடா கேக்கும்?"

"இண்டைக்கு ஒருத்தரும் அடிக்கமாட்டினம், அக்கா. பேசாமப் படத்தைப் பாருங்கோ," என்றார் மாமா.

நாய் வழுக்கியது. ஒரு புல்லாங்குழல் உச்சியிலிருந்து நீளமாகக் கூவிக்கொண்டு கீழே இறங்கியது.

"செல் கூவுது! ஓடுங்கோ!" முதலில் கத்தியது மாமாதான்.

பங்கருக்குள் குப்புறப் படுத்தோம். ஒன்றும் வெடிக்கவில்லை. வீட்டுக்குள் இசை துள்ளிக்கொண்டிருந்தது.

"இதென்ன மச்சான், உன்ர செல் பாட்டும் பாடுது?" என்றார் அப்பா. மாமா தலையைத் தூக்கவேயில்லை. நான் சிரிக்க வாயைத் திறந்தேன்.

"சின்னவள் எங்க?"

அம்மா இருட்டில் எங்கள் தலைகளைத் தடவித் தேடினார். நாலு வயதுத் தங்கச்சி இல்லை. அது படத்தின் சத்தம்தான் என்று அப்பா சொன்னது அவருக்கு ஏறவில்லை. மண்படியில் ஏறப் பார்த்து, வழுக்கி எங்கள் மேலேயே விழுந்தார்.

அப்போது பங்கர் வாசலில் தங்கச்சி வந்து நின்றாள். "நாய் விழுந்திட்டுது," என்றாள். "அதுக்கு ஒண்டும் நடக்கேல்ல."

அம்மா அவளை உள்ளே இழுத்து முதுகில் ஒன்று போட்டார். பிறகு மடியில் இறுக்கிக்கொண்டு, அதையே திரும்பவும் சொல்லச் சொன்னார். ஒரு கார்ட்டூன் நாய்க்காக அம்மா ஏன் அப்படி அழுதார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. தங்கச்சி மட்டும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"ஒண்டும் நடக்கேல்ல அம்மா. எழும்பித் திரும்ப ஏறுது."