வால் முளைக்காத மாமா

துவாஸ் தொழிற்பேட்டை விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் தம்பிகளிடம் கேட்டுப் பாருங்கள், சாம்பார் யார் வீட்டுச் சாம்பார் என்று. என் பெயரைத்தான் சொல்வார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. இன்றைக்கு என் சமையற்கூடத்தில் பட்டதாரிப் பிள்ளைகள் வந்து "அம்மா, இன்னிக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டு நிற்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். ஆனால் இத்தனைக்கும் ஆரம்பம் என் தாய்மாமா சாப்பிட்ட பன்றிக்கறி என்றால் யாரும் நம்புவதில்லை.

மாமா மெட்ராஸில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வந்து இங்கே அரசாங்க வேலையில் இருந்தார். அம்மா அக்கம்பக்கத்தில் "என் தம்பி மாட்டு டாக்டர்" என்பாள். மாமா பின்னாலேயே நின்று, "பன்னி டாக்டர்க்கா" என்று திருத்துவார். அம்மா முகம் சுருங்கிப் போகும். அந்தக் காலத்தில் பொங்கோல் முழுக்கப் பன்றிப் பண்ணைகள். மாமா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு அங்கேயே கிடப்பார். வீடு திரும்பினால் பின்பக்கக் குழாயில் குளித்த பிறகுதான் அத்தை உள்ளே விடுவாள். ஜாலான் புசார் பக்கம் ஒரு கடைக்கு மேல்மாடியில் நாங்களும் அவர்களும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம்.

எனக்கு எட்டு வயது இருக்கும். பன்றிகளைக் கொத்துக் கொத்தாகச் சாகடிக்கும் ஒரு காய்ச்சலைத் தடுக்க, மாமா பண்ணை பண்ணையாகப் போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று ஊருக்குள் ஒரு புரளி கிளம்பியது. ஊசி போட்ட பன்றியைத் தின்றால் ஆம்பளைகளுக்கு என்னவோ ஆகிவிடுமாம். என்ன ஆகும் என்று கேட்டேன். "வாய மூடு" என்றாள் அம்மா. அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார், பேப்பர் குலுங்கியது. நானே யோசித்து, வால் முளைக்கும் என்று முடிவு செய்தேன். பெரியவர்கள் வெளியே சொல்ல இவ்வளவு வெட்கப்பட வேறு என்ன இருக்க முடியும்?

தேக்கா சந்தையில் பன்றிக்கறிப் பக்கம் ஈதான் வந்தது, ஆள் வரவில்லை. எல்லாரும் தவுக்கே என்று கூப்பிடும் சீன முதலாளி ஒருவருக்கு அங்கே கறிக்கடை, பொங்கோலில் பண்ணை. அவர் சொன்னால் மற்ற பண்ணைக்காரர்களும் கேட்பார்கள். ஒரு சாயங்காலம் அவர் எங்கள் மாடிக்கே ஏறி வந்துவிட்டார். மலாயும் உடைந்த தமிழுமாகக் கத்தினார்.

"டாக்டர், இனி ஊசி வேணாம் லா! யாரும் கறி வாங்கல!"

"ஊசி போடலன்னா பண்ணையே காலி, தவுக்கே. ஒரு குட்டிகூட மிஞ்சாது."

"அப்ப நீ சாப்புடு. நாளைக்குச் சந்தையில, எல்லார் முன்னாடியும். நீ சாப்ட்டா எல்லாப் பண்ணையும் நான் உன் ஊசிக்குத் தெறந்து விடுறேன்."

மாமா திரும்பி அத்தையைப் பார்த்தார். அது கந்த சஷ்டி நேரம். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல், அந்த வருஷம்தான் மாமாவும் அத்தையும் சேர்ந்து விரதம் எடுத்திருந்தார்கள். பாலும் பழமுமாகப் பாதி விரதம் முடிந்திருந்தது.

தவுக்கே போனதும் மாமா அத்தையிடம், "நீ வேணாம்னா போகல" என்றார்.

அம்மா குறுக்கே பாய்ந்தாள். "பைத்தியமாடா உனக்கு? சாமி குத்தம் ஆயிடும்!"

அத்தை பால் கிண்ணத்தைத் தட்டுப் போட்டு மூடினாள். "மயிலும் சேவலும் வச்சிருக்கிறவருக்கு மிருக டாக்டர் படுற பாடு தெரியாதா அண்ணி? அவரு போகட்டும். நானும் கூடப் போறேன்."

"நீ எதுக்குடி?"

"நான் போகாம வேற யாரு போறது?"

அம்மா சட்டென்று என் காதைப் பொத்தினாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் அத்தை தீபாவளிப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சந்தையில் கூட்டமான கூட்டம். தவுக்கே மிளகு போட்ட எலும்பு சூப்பைக் கிண்ணம் நிறையக் கறியோடு வைத்தார். ஆட்டுக்கறி தவிர வேறெதுவும் தொட்டறியாத மாமா, கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து, கையாலேயே எடுத்துச் சாப்பிட்டார். முடித்துவிட்டு, "இன்னொரு கிண்ணம் குடு தவுக்கே" என்றார்.

"ராத்திரி தெரியும் லா, டாக்டர்!" என்று எவனோ கத்தினான். சந்தையே சிரித்தது. விசித்திரம் என்னவென்றால், யாரும் மாமாவைப் பார்க்கவில்லை. எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை தலை குனியவில்லை. முந்தானையால் மாமாவின் வாயைத் துடைத்துவிட்டு, "போலாமா?" என்றாள்.

தவுக்கே சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கே பண்ணைகள் திறந்தன; பன்றிகள் பிழைத்தன. நான் மட்டும் பல நாள் மாமாவின் பின்னாலேயே நடந்து வேட்டியைக் கண்காணித்தேன். ஒன்றும் முளைக்கவில்லை.

மாமாவுக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. இங்கே பண்ணைகளையெல்லாம் மூடிய பிறகு, பன்றியே இல்லாத ஊரில் பன்றி டாக்டராக இருந்தார். பக்கத்து நாடுகளில் நோய் என்றால் பூட்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தோ பாயோ அடுக்குமாடி வீட்டில் இளம் டாக்டர்கள் வந்து உட்கார்ந்து சந்தேகம் கேட்பார்கள்; இன்றும் வருகிறார்கள். நான் இடியாப்பக் கூடையோடு சந்தையில் நிற்க இடமில்லாமல் அலைந்தபோது, "பன்னி டாக்டர் மருமவளா?" என்று கேட்டு, முகப்பில் தன் மச்சான் கடையோரமாக இடம் வாங்கிக் கொடுத்தவர் அந்தத் தவுக்கேதான். உழைப்பு என்னுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நின்ற இடம் மாமா வாங்கித் தந்தது. தினமும் முதல் அண்டா இறங்கும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அடுத்த வருஷமே அத்தைக்கு ஆண் குழந்தை பிறந்தது. கோயிலுக்குத் தூக்கிப் போய்விட்டுச் சந்தை வழியாகத் திரும்பினோம். தவுக்கே கறிக்கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மீன்காரர், காய்கறிக்காரர், கோழிக்காரி எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். மாமாவின் முதுகில் ஆளாளுக்கு அறைந்தார்கள். தவுக்கே குழந்தையை வாங்கி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கினார். வாலைத்தான் தேடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. குடும்ப மானம் என்னாவது? முந்திக்கொண்டு கத்தினேன்.

"வால் இல்ல! நான் நல்லாப் பாத்துட்டேன்!"

சந்தை குலுங்கிப் போனது. அன்றைக்குத் தலை குனியாத அத்தை, இன்றைக்கு முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கைதட்டல் நிற்கவே இல்லை. அத்தனை பேரில் ஒருவர்கூடக் குழந்தையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. எதையுமே சரிபார்க்காமல் இவர்கள் எப்படி நம்பினார்கள் என்று எனக்கு வெகுகாலம் ஆச்சரியமாக இருந்தது.