உங்கள் பாதுகாப்பு கருதி

பால் பாக்கெட்டில் அச்சாகியிருக்கும் இணைய முகவரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான் அவர் பாலைப் பாத்திரத்தில் ஊற்றுவார். பற்பசைக் குழாயை எப்போதும் குப்புறத்தான் வைப்பார். பேருந்தில் இருக்கை காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார். ஜன்னலில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தில் முகவரி எங்கே இருக்கிறதோ அங்கே போய் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வார். யாராவது இரக்கப்பட்டு "உட்காருங்க சார்" என்றால், "பரவாயில்லீங்க, இங்கயே வசதியா இருக்கு" என்பார். முதுகுக்குப் பின்னால் ஏதாவது ஒரு மெத்தைக் கடையின் முகவரி பத்திரமாக இருக்கும்.

வேலை அப்படி. ஒரு பெரிய இணைய அங்காடியில் பதினோரு வருடமாக முகவரி மறைப்பவர். அந்த அங்காடியில் ஆயிரக்கணக்கான வியாபாரிகள் சரக்கை வைத்து விற்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, வாங்க வந்தவர்களை நைசாகத் தங்கள் சொந்தக் கடைப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட ஆசை. படத்துக்குக் கீழே, விமர்சனத்துக்கு நடுவே, கேள்வி பதிலுக்குள்ளே என்று எங்கேயாவது தங்கள் முகவரியைச் செருகிவிடுவார்கள். அதைக் கண்டுபிடித்து, மூன்று விரலை மூன்று விசையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் போதும். முகவரி போய்விடும். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்ளும்: 'உங்கள் பாதுகாப்பு கருதி இந்த முகவரி மறைக்கப்பட்டுள்ளது.'

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் மூடி. முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே "மூடி சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. "இதுக்கெல்லாம் மெஷின் இருக்குமே சார்?" என்று புதிதாகச் சேர்ந்த யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "மெஷினுக்குப் புள்ளி தெரியும், கோடு தெரியும். போக்கிரித்தனம் தெரியுமா? அதுக்கு மனுஷன்தான் வேணும்."

போக்கிரித்தனம் என்று அவர் சொன்னால் மனதில் ஒரே ஒரு ஆள்தான். மேசை விளக்கு விற்கும் வியாபாரி. விளக்குக்காரன் என்றே சொல்வார். 'வெளிச்சம் புள்ளி கடை' என்ற தன் முகவரியை நுழைக்க அவன் படாத பாடில்லை. வர்ணனையில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழே படித்தால் முகவரி வரும். மறைத்தார். விளக்கு உறையின் ஓரத்தில் பூ வேலைப்பாடு மாதிரி முகவரியைத் தைத்துப் படம் போட்டான். மறைத்தார். ஒருமுறை விளக்கின் நிழல் சுவரில் விழுந்த அழகைப் பார்த்து அவரே சொக்கிப்போய் இரண்டு நாள் விட்டுவைத்துவிட்டார். மூன்றாம் நாள்தான் உறைத்தது, அந்த நிழலே எழுத்து! நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கைதட்டிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து அதையும் மறைத்தார்.

இத்தனையையும் சாப்பாட்டு மேசையில் வந்து கொட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "இன்னிக்கு என்ன பண்ணினான் தெரியுமா?" என்று தொடங்கினால், மனைவி இரண்டாவது முறை பரிமாறி முடிக்கும்வரை நிற்காது. முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லி, தட்டின் ஓரத்தில் விரலால் எழுதியும் காட்டுவார். மகள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற பெண். நாள் முழுக்க எழுத்துப் பலகையைக் காட்டி "இது தெரியுதா, அது தெரியுதா" என்று கேட்கிறவள். அவளுக்கு இந்த ஆளைப் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது. போய்ப் பார்த்தாள். ஊர் உலகத்துக்கெல்லாம் மூடி மூடி வைத்த முகவரியை வீட்டுக்குள் திறந்துவைத்தது சாட்சாத் அவரேதான்.

எட்டு மாதம் கழித்து அதே மேசையில் அவள் விஷயத்தைச் சொன்னபோது, அவருக்குத் தண்ணீர் புரையேறியது.

"அவன் போக்கிரிம்மா!"

"நீங்கதானேப்பா, அவனுக்கு இருக்கிற மூளைக்கு எங்கயோ இருக்க வேண்டியவன்னு சொன்னீங்க?"

"அது வேற, இது வேற."

வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் வாய் திறந்து சொல்லவில்லை. "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. மனைவி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நாள் குறித்துவிட்டாள். மகளுக்கு மட்டும் அந்த 'ம்' போதவில்லை. அப்பா வாயால் ஒரு வார்த்தை வராதா என்று தினமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கல்யாணம் விளக்குக்காரரின் கிடங்கிலேயே. முந்நூறு விளக்கையும் ஏற்றி வைத்து நடத்துவது என்று ஏற்பாடு. கிடங்கு இருக்கும் இடமோ, தெருப்பெயர்ப் பலகைகூட இல்லாத தொழிற்பேட்டைச் சந்து. அதனால் வழிப்படத்தை மாப்பிள்ளை தன் கடைப் பக்கத்தில் போட்டிருந்தார். அழைப்பில் அந்த முகவரியைக் கொடுத்தால் போதும். மகள் சொல்லச் சொல்ல அவர் வீட்டுக் கணினியில் தட்டினார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை என்பதால், அலுவலகத்தில் இருக்கும் அதே மூன்று விசை ஏற்பாடு அதிலும் உண்டு. கடைசி வரி அடித்து முடித்ததும் மகள் டீ எடுக்கப் போனாள். அவர் ஒரு தட்டுத் தட்டி, இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டுச் சோம்பல் முறித்தார்.

டீ ஆறுவதற்குள் முதல் போன். அவருடைய அண்ணன். "என்னடா, பொண்ணு கல்யாணத்துல என்ன பாதுகாப்புப் பிரச்சனை? போலீஸ் கீலீஸ்னு எதுவும் இல்லையே?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அனுப்பியதை எடுத்துப் பார்த்தார். எங்கள் மகளின் திருமணத்துக்குக் குடும்பத்துடன் வந்து வாழ்த்த வேண்டுகிறோம். இடம்: உங்கள் பாதுகாப்பு கருதி இந்த முகவரி மறைக்கப்பட்டுள்ளது.

அடுத்தது சம்பந்தியம்மா. போனைக் காதில் வைக்கவே முடியவில்லை. "எங்க இடத்துக்கு வந்தா உங்க ஆளுங்களுக்கு என்னங்க ஆபத்து? புடிச்சாக் கடிச்சிடுவோமா?" மனைவி போனை வாங்கி, சமாதானம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனாள்.

மகள் கத்தவில்லை. அதுதான் அவரைக் கலக்கியது. கதவருகில் நின்று மெதுவாகக் கேட்டாள். "வேணும்னேதானே செஞ்சீங்க?"

"ஐயோ, இல்லம்மா! கை பண்ணிருச்சு."

"கை தானா பண்ணுமாப்பா? அதுவும் சரியா அவரோட அட்ரஸை? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்க. நிறுத்திடறேன். உங்களுக்கு இஷ்டமில்லாம எனக்கு வேண்டாம்."

அவர் கதவுவரை ஓடி, திரும்பக் கணினிக்கே வந்தார். இவளைப் பள்ளிக்கு அனுப்பிய முதல் நாள்கூட இப்படித் தவித்ததில்லை. "இரு. இங்கயே நில்லு. உன் கண்ணு முன்னாடியே சரி பண்றேன், பாரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மகள் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார். 'தவறுக்கு மன்னிக்கவும். சரியான முகவரி இதோ. வெளிச்சம்... புள்ளி... கடை.' தட்டி முடித்தார். நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். பெருமூச்சு விட்ட அதே நொடியில் மூன்று விரலும் மூன்று விசையில் போய் உட்கார்ந்து ஒரு தட்டு. அடுத்த தட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போயே போய்விட்டது.

தவறுக்கு மன்னிக்கவும். சரியான முகவரி இதோ. உங்கள் பாதுகாப்பு கருதி இந்த முகவரி மறைக்கப்பட்டுள்ளது.

மூவரும் திரையையே பார்த்தார்கள். முதலில் மகளின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் பதறித் திரும்பினால், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. "கைதான்மா! கையேதான்! நான் பார்த்தேன்!" என்று அம்மாவின் காலைப் பிடித்து உலுக்கினாள். அம்மாவுக்கும் தாங்கவில்லை. அவர் மட்டும் தன் வலது கையை, ஏதோ பக்கத்து வீட்டுக்காரனுடைய கை மாதிரி, தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரும் இறங்கித் தரையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கு அவனை ரொம்பப் புடிக்கும்மா" என்றார். "பதினோரு வருஷத்துல என் கண்ணுல மண்ணத் தூவினவன் அவன் ஒருத்தன்தான். வேற எவனுக்காவது உன்னைக் குடுத்திருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேனா?" மகள் சிரிப்பை நிறுத்தாமலே அவர் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை மனைவி தட்டினாள், அவரை அறைக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு. முகவரி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஒருவரும் தொடவில்லை! தெரியாத முகவரியைத் தொடாதே, தொடாதே என்று சொந்தபந்தம் அத்தனை பேரையும் பதினோரு வருடம் பழக்கி வைத்திருந்தார் அல்லவா? "உங்க பேர்ல எவனோ லிங்க் அனுப்பறான் மாமா, உஷாரா இருங்க" என்று மூன்று பேர் அவருக்கே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒவ்வொருவராகப் போனில் பிடித்து, "மெயின் ரோடு முக்குக்கு வந்துடுங்க, நான் நிக்கறேன்" என்று சொன்னார்.

நின்றார். கல்யாணத்தன்று காலை ஏழு மணியிலிருந்து, புதுச் சட்டையும் பளபளவென்று துடைத்த செருப்புமாக. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டி, இரண்டடி அகலத்தில், கொட்டை கொட்டையாகச் சிவப்பு மையில் மாப்பிள்ளையின் கடை முகவரியை எழுதித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். கீழே பெரிய அம்புக்குறி. கல்யாணத்துக்குச் சம்பந்தமே இல்லாத லாரிக்காரர்கள்கூட வேகத்தைக் குறைத்துப் படித்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை ஓடி வந்து, "மாமா, நான் புடிக்கறேன், நீங்க உள்ள போங்க" என்றார். "நீ போய்யா, உனக்கு அங்க வேலை இருக்கு" என்று விரட்டிவிட்டார்.

பத்து மணிக்கு மணப்பெண்ணின் கார் வந்தது. ஓட்டுநருக்கு வழி தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கார் அவர் முன்னால் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"ஐயா, விளக்குக்காரர் கல்யாணம் எங்கங்க நடக்குது?" என்று முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நேராப் போயி இடது பக்கம் மூணாவது திருப்பம்மா" என்றார். அட்டையிலிருந்து ஒரு கையை எடுத்து வழியைக் காட்டி நீட்டினார். "நல்ல இடம். தைரியமாப் போ."

கார் நகர்ந்தது. ஒரு கையால் அட்டையைத் தலைக்கு மேலே பிடித்து, மறுகையை வழியைக் காட்டி நீட்டியபடியே அவர் நின்றார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க ஒரு கை மிச்சமில்லை. கார் மூன்றாவது திருப்பத்தில் திரும்பிப் போன பிறகும் இரண்டையும் அவர் இறக்கவில்லை.