வயர் இல்லாத பட்டன்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகலாம். யாரையும் கெஞ்சி நம்பவைக்க எனக்குப் பொறுமை இல்லை. இது ஆஸ்திரேலியாவின் வையாலாவில், என் சொந்த அறையில், பட்டப்பகலில், எனக்கே நடந்தது.

விளையாடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரை நானே பொருத்தினேன். எல்லாப் பாகமும் புதுசு, அவற்றை வைக்கும் பெட்டியான கேபினட் மட்டும் ஓசி. எங்கள் ஊரில் நகராட்சி லாரி வரும் வாரத்தில் வேண்டாத சாமான்களை வாசல் புல்தரையில் வைத்துவிடுவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஏன் போடுகிறீர்கள் என்று கதவைத் தட்டிக் கேட்பது நாகரிகம் இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? அப்படி ஒரு வாசலில்தான் கேபினட்டை எடுத்தேன்; நானும் கேட்கவில்லை.

முதல் வாரமே சனியன் பிடித்தது. ஆட்டம் சூடுபிடிக்கும்போது பட்டென்று திரை இருண்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. என் அணியின் தலைவன் ஜாரெட் கறாராகச் சொல்லிவிட்டான்: "டீகன், ஞாயித்துக்கிழமை தகுதிச் சுற்று. அன்னைக்கும் நடுவுல காணாம போனே, உன் இடத்துல வேற ஆள்தான்." அந்த இடத்துக்காக நான் வருடக்கணக்கில் நாயாய் உழைத்திருந்தேன்.

ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். பவர் சப்ளையை மாற்றினேன். தம்பி கோரியின் கிராபிக்ஸ் கார்டைப் பிடுங்கிப் போட்டேன். சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் உத்தமப் பிள்ளை மாதிரி ஓடும். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆட உட்கார்ந்தால்தான் அணையும். அதைவிட எரிச்சல் ஒன்று... அணைவதற்குச் சற்று முன், என் இடது காதிலிருந்து ஹெட்போன் விலகும். யாரோ விரல் விட்டுத் தூக்குவதுபோல. கோரியின் குறும்புதான் என்று அவனைத் திட்டித் தீர்த்தேன்.

"நானா? எனக்கு வேற வேலை இல்ல பாரு!" என்றான். "முன்னாடி இருக்கிற பவர் பட்டன் வயரு ஷார்ட் ஆகுதோ என்னமோ. அதைப் பிடுங்கிப் பாரு, லூசு அக்கா."

பிடுங்கினேன். இனி பட்டனை அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. மதர்போர்டில் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டு ஆன் செய்தேன்.

ஞாயிறு. பிற்பகல் 2.10. ஜெயித்துக்கொண்டிருந்தோம்.

இடது காது... விலகியது.

"கோரி, கையை எடு! கொன்னுடுவேன்!"

மேசைமேல் இருந்த கேபினட்டை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

பட்டன் உள்ளே போனது. மெதுவாக.

அமுங்கியே இருந்தது... ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

திரை இருண்டது.

பயம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. திரும்பாமலேயே முழங்கையைப் பின்னால் ஓங்கி வீசினேன்.

மெத்தென்று எதிலோ பட்டது.

'தொப்'... ஏதோ விழுந்தது.

"நல்லா வேணும்டா உனக்கு!"

ஸ்க்ரூடிரைவரால் தொட்டு மறுபடி ஆன் செய்தேன். நான் உள்ளே நுழைவதற்குள் பாதி ஆட்டம் போயிருந்தது. கடைசி வரை ஆடியும் தோற்றோம். "போதும் டீகன், கிளம்பு," என்றான் ஜாரெட்.

கோரியைக் கொல்லும் வெறியோடு எழுந்து திரும்பினேன்.

யாரும் இல்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவன் மதியமே கால்பந்து மைதானத்துக்குப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கேபினட்டைத் தூக்கிக்கொண்டு, அதை எடுத்த வீட்டுக்கே போய், உடைக்காத குறையாகக் கதவைத் தட்டினேன். மெர்வ் என்ற முதியவர் திறந்தார்.

"இந்தச் சனியனை நீங்களே வெச்சுக்கோங்க! வயரே இல்ல, பட்டன் தானா அமுங்குது!"

அவர் அதைத் தொடவில்லை.

"எம்பையனோடது. சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டான். எம்பொண்டாட்டி பின்னாடி வந்து, காதுல இருக்கிறதைத் தூக்கி, 'போதும்டா'ன்னு சொல்லிட்டு, பட்டனை அமுக்கிப் பிடிப்பா. ஒருநாள் அவனுக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. முழங்கையால பின்னாடி ஒரே வீச்சு. கட்டில் முனையில தலை மோதி... அங்கேயே போயிட்டா."

என் முழங்கை சில்லிட்டது.

"அவன் திரும்பிக்கூடப் பாக்கலம்மா. மறுபடி ஆன் பண்ணி, ஆட்டத்தை முடிச்சிட்டுதான் எழுந்திருச்சான்."

நானும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.