முனியாண்டிக்குக் கோப்பி

கறுப்பு பீர் போத்தலில் பாலும் சீனியும் போடாத கோப்பி ஓவை ஊற்றி, மூடியை மறுபடி அழுத்தி, முனியாண்டி சாமியையே ஏமாற்றிவிடலாம் என்று நம்பிய ஆள் நான். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, நல்ல புத்தியோடு, பட்டப்பகலில் இதைச் செய்தேன். செய்து முடித்ததும் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “மணியம், உனக்கு மூளை ஜாஸ்தி லா” என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மெச்ச வேறு ஆள் இல்லை.

இதை எழுதச் சொன்னது எங்கள் மேடம். இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் படிக்க வேண்டுமாம். நான் சில நல்ல கதைகளைச் சொல்லிப் பார்த்தேன். “அதெல்லாம் வேணாம் மணியம். கோப்பி கதைய எழுதுங்க” என்றார்.

1. ஒரே டிக்கெட்டில் ரெண்டு படம்

எங்கள் இல்லம் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே ஒரு மூலை வீடு. வெளியிலிருந்து பார்த்தால் ஆம்பளைகள் மட்டும் குடியிருக்கிற, துணி ரொம்பக் காய்கிற வீடு என்றுதான் நினைப்பார்கள். குடியை விடுவதற்காக வந்து தங்குகிறவர்கள்தான் எல்லாரும். ஆனால் எங்களிடம் வருகிறவர்களுக்குக் குடி மட்டும் நோயில்லை. காதில் யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். இல்லையென்றால் வாரக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அதை அடக்கக் குடிப்பார்கள், குடித்தால் அது இன்னும் ஏறும். சில இடங்களில் “மொதல்ல குடிய நிறுத்திட்டு வா” என்பார்கள். குடியை நிறுத்துகிற இடத்தில் “மொதல்ல மண்டைய சரி பண்ணிட்டு வா” என்பார்கள். இப்படி நடுவில் விழுந்தவர்கள்தான் எங்கள் ஆட்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். மேடம் இதை டூவல் டயக்னோசிஸ் என்பார். நான் ஒரே டிக்கெட்டில் ரெண்டு படம் என்பேன். மேடம் சிரிக்க மாட்டார்.

இங்கே சேருவதற்கு முன்னால் நான் ஃபேக்டரி பஸ் ஓட்டினேன். வாரக் கடைசியில் கல்யாண விருந்துகளில் மைக் பிடித்து ஜோக் சொல்வேன். மாப்பிள்ளை அழுகிற கல்யாணத்தில்கூட மாமியாரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இல்லத்தில் எனக்கு வேன் ஓட்டுவது, பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்குவது, மாத்திரை நேரத்தில் நிற்பது என்று வேலை. ஒவ்வொருவராக வந்து மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்கைக் காட்ட வேண்டும். “ஆ காட்டு, காளி மாதிரி காட்டு” என்பேன். சிரித்துக்கொண்டே காட்டுவார்கள். அந்தச் சிரிப்பினால்தான் இல்லமே நடக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பசியாறிய பிறகு காலை மீட்டிங். யாராவது வெளியே போவதாக இருந்தால் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று தன் பிளானைச் சொல்ல வேண்டும். எங்கே போகிறான், அங்கே யார் இருப்பார்கள், யாராவது ஊற்றிக் கொடுத்தால் என்ன சொல்வான். அவன் வாயால்தான் வர வேண்டும், நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. இது மேடத்தின் சட்டம். மெதுவாகப் பேசுகிறவன் என்றால் எல்லாரும் காத்திருக்க வேண்டும். எனக்கு அது ஒத்து வராது. மைக் பிடித்தவனுக்கு மௌனம் ஆகாது.

2. குணா

பாகான் டத்தோ போகிற வழியில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே, ஒரு பழைய கித்தாத் தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய்க்காகச் செம்பனை போட்டுவிட்டார்கள். ஆட்கள் குடியிருந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். முனியாண்டி கோயில் மட்டும் நிற்கிறது. வருசத்துக்கு ஒரு நாள் பழைய தோட்டத்து ஆட்கள் ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வந்து ஆடு வெட்டிப் படையல் போடுவார்கள்.

அந்தக் கோயிலுக்குச் சாமியாடி குணா. இளவட்டமாக இருந்தபோதே அவன் மேல் சாமி வந்துவிட்டது. திருவிழா அன்றைக்குக் காலில் விழுவார்கள். மற்ற நாட்களில் லோரியில் மூட்டை ஏற்றிக்கொண்டு, சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்துக்கொண்டு, தனக்குத் தானே பேசிக்கொண்டு போவான். அதே ஆட்கள், “பைத்தியம் வருது, பிள்ளைங்கள உள்ள கூப்புடு” என்பார்கள்.

இல்லத்துக்கு வந்த புதிதில் அவனிடம் கேட்டேன். “ஏன்டா குணா, ஒங்கிட்ட எந்நேரமும் பேசுறது முனியாண்டிதானா?”

“சேச்சே, இல்லண்ணே. சாமி வருசத்துக்கு ஒருக்காதான் வரும். ஏசாது. தெனமும் பேசுறவன் வேற ஆளு. நான் செஞ்சது எல்லாத்துக்கும் சிரிப்பான். செத்துப் போன்னு சொல்லுவான்.”

டாக்டரிடமும் இதையே சொன்னான். அவர் நல்ல மனுசன். “சாமி வெசயத்துல நான் தலையிடல. அந்த இன்னொரு ஆள மட்டும் அடக்குவோம். மாத்திரைய விடாத” என்றார். குணா விடவில்லை. சில மாதங்களில் இன்னொரு ஆள் அடங்கிப் போனான். காதில் யாருமே இல்லாமல் இருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “வீடு மாறி வந்த மாரி இருக்குண்ணே. நல்லாத்தான் இருக்கு” என்றான்.

அவனுடைய அக்கா லெட்சுமி கையுறை ஃபேக்டரியில் வேலை செய்கிறவர். குணாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை, புருசனுக்குப் பயம். கடைசியில் அந்த மச்சான் ஒரு வார்த்தை சொன்னார். “திருவிழாவுக்குப் போயிட்டு, தண்ணி போடாம வரட்டும். வந்தான்னா பின் ரூம் அவனுக்குத்தான்.” லெட்சுமி அந்த அறைக்குச் சாயம் அடித்து, மெத்தையும் வாங்கிப் போட்டுவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கோயிலில் படையலில் கறுப்பு பீர் இருக்கும், சுருட்டு இருக்கும். சாமி இறங்கியதும் முதல் போத்தல் சாமியாடிக்கு. கோயில் தலைவரிடம் பேசிப் பார்த்தேன்.

“மணியம், கேக்குறது குணா இல்ல, சாமி. சாமிக்கு இல்லன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்றதா?”

3. மீட்டிங்

திருவிழாவுக்கு முதல் நாள் மேடம் கோலாலம்பூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். காலை மீட்டிங் என் கையில். குணா எழுந்து நின்றான். மாத்திரை எடுக்கிறவன், அவனுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

“நாளைக்குக் கோயிலுக்குப் போறேன். அக்கா, மச்சான், தோட்டத்து ஆளுங்க எல்லாம் இருப்பாங்க. போத்தல் வரும். அப்ப நான் சாமிகிட்ட...”

நிறுத்தினான். வார்த்தையைத் தேடினான்.

“சாமிகிட்ட எனக்கும் லாட்டரிக்கு ஒரு நாலு நம்பர் கேட்டுட்டு வா லா! அடிச்சா பாதி ஒனக்கு!” என்றேன்.

வீடே அதிர்ந்தது. ஒருத்தன் மேசையைத் தட்டிச் சிரித்தான். இன்னொருத்தன், “குணா, எனக்கும்டா!” என்றான். குணாவும் சிரித்தான். சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். பிளான் ஓக்கே என்று நான் மீட்டிங்கை முடித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கோப்பியை ஆற வைத்து போத்தலில் ஊற்றினேன். தலைவரிடம் மட்டும் சொன்னேன். “சாமி கோவிச்சுக்கிட்டா?” என்றார். “என் வீட்டு அட்ரஸ் குடுங்க” என்றேன். குணாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பிறகு அது என்ன ரகசியம்!

4. படையல்

உறுமி அடிக்க ஆரம்பித்தார்கள். வேட்டி கட்டி, மாலை போட்டு நின்றிருந்த குணாவுக்கு முதலில் ஒன்றும் இல்லை. மாத்திரையால் சாமி வராமலே போய்விடுமோ என்று எனக்கே கவலையாகிவிட்டது. பிறகு அவன் தோள் நடுங்கியது. கூட்டம் குரல் எழுப்பியது. தலைவர் என் போத்தலைத் திறந்து அவன் கையில் வைத்தார்.

அவன் குடிக்கவில்லை. போத்தலைப் பார்த்தான். இடது கையை, எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்கிற மாதிரி தூக்கினான். உறுமிக்காரர்கள் கவனிக்கவில்லை. “குடிங்க சாமி, குடிங்க!” என்று சுற்றிலும் சத்தம். அவன் கூட்டத்துக்குள் தேடி என்னைக் கண்டுபிடித்தான். அவனுக்கு ஆசை வந்துவிட்டது, தடுமாறுகிறான் என்று நான் நினைத்தேன். கண்ணடித்து, குடி என்று தலையாட்டினேன்.

தினமும் அவனை நாக்கைக் காட்டச் சொல்கிற மணியம் அண்ணன், ஊருக்கு முன்னால் பீர் போத்தலைக் குடி என்கிறான். அவனுக்கு அப்படித்தானே தெரிந்திருக்கும்?

தூக்கிய கையைக் கீழே போட்டான். குடித்தான். ஒரு வாய்தான். நுரையே இல்லாமல், கோப்பி வாசத்தோடு, அது அவன் மாலை மேலேயே வழிந்தது.

“டேய், கோப்பிடா! சாமிக்குக் கோப்பி குடுத்துருக்கானுங்க!” என்று எவனோ கத்தினான். சிரித்தார்கள். கைப்பேசிகள் மேலே போயின. உறுமி நின்றது. நடுக்கம் எல்லாம் போய், நனைந்த வேட்டியோடு குணா மட்டும் நடுவில் நின்றான்.

ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன். அவன் வலது காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“சிரிக்கிறான்” என்றான்.

“யாருடா?”

“அவன்தான்.”

என் கையை உதறிவிட்டுச் செம்பனைக்குள் நடந்துவிட்டான். நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் தேடினோம். வெயிலில் அலைந்து திரும்பியபோது லெட்சுமி தன் நாற்காலிக்கு அடியிலிருந்து ஓர் இளநீரை எடுத்து நீட்டினார். ஏற்கெனவே சீவி, ஸ்ட்ரா செருகி வைத்திருந்தது. “குடிங்கண்ணே. இனிமே அது எதுக்கு” என்றார். அது யாருக்காக வைத்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தாகம். குடித்துவிட்டேன்.

குணா ரோட்டோரக் கடைக்குப் பின்னால் கிடந்தான். பக்கத்தில் இரண்டு சம்சு போத்தல். அவற்றில் கோப்பி இல்லை. மச்சான் அந்தப் போத்தல்களைப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தார். லெட்சுமி கண்ணாடிக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

5. நாக்கு

குடித்ததுகூடப் பெரிதில்லை. எங்கள் வேலையில் வழுக்கி விழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம், மறுபடி தூக்கி நிறுத்துவோம். ஆனால் நான் வேனில் இல்லத்துக்குக் கூட்டி வந்த மறுநாள், மாத்திரை நேரத்தில் குணா வாயைத் திறக்கவில்லை.

“போத்தல் வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு. இந்த மாத்திரைக்குள்ள என்னா இருக்குன்னு எனக்கு எப்புடித் தெரியும்?”

மேடம் பேசிப் பார்த்தார். டாக்டர் வந்து பேசினார். நான் ஒரு மாத்திரையை எடுத்து நானே விழுங்கிக் காட்டுகிறேன் என்றேன். “நீங்க எதையும் செய்வீங்கண்ணே” என்றான். பாராட்டாகச் சொல்லவில்லை. சில நாளில் அந்த இன்னொரு ஆள் முழுசாகத் திரும்பி வந்துவிட்டான். ஒரு நாள் விடியலில் குணா இல்லத்தை விட்டுப் போய்விட்டான். அதன் பிறகு போலீஸ் அவனை ரோட்டோரத்திலிருந்து கூட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தது. லெட்சுமி வீட்டுப் பின் அறையில் இப்போது துணி தைக்கிற மெஷின் இருக்கிறது.

இப்போதெல்லாம் காலை மீட்டிங்கில் நான் வாயில் “அசாம் போய்” என்கிற புளிப்பு உலர்பழம் ஒன்றைப் போட்டு அடக்கிக்கொள்வேன். யாராவது பாதியில் வார்த்தையைத் தேடினால், அதைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் கொட்டை மட்டும் மிஞ்சுகிற வரைக்கும் அவர்கள் தேடுவார்கள். தேடட்டும். மணியம் அண்ணனுக்கு இனிப்பு வியாதியா, புளிப்பு வியாதியா என்று புதியவர்கள் கேட்கிறார்கள். இரண்டுமில்லை. காரணம், குணா கிடந்த ஆஸ்பத்திரி வார்டில் நடந்தது.

பிஸ்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கப் போயிருந்தேன். குணா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மாத்திரைக்குப் பதில் இப்போது ஊசி போடுகிறார்களாம். என் வாயில் இரண்டு மூன்று ஜோக் வந்தன. முழுங்கிவிட்டேன்.

“குணா, அன்னைக்கு மீட்டிங்குல ஏதோ சொல்ல வந்தியே. என்னா அது?”

அவன் வெகுநேரம் தேடினான். நான் காத்திருந்தேன்.

“சாமிகிட்ட வேண்டிக்கிட்டேண்ணே. இந்த வருசம் வந்தா எளனி கேளு சாமின்னு. போத்தல கீழ வச்சுட்டு, ஊரு முன்னால எளனி கேக்கலாம்னு இருந்தேன். மச்சான் பாக்கட்டும்னு. அக்காகிட்ட எளனி வாங்கி வைக்கக்கூட சொல்லிட்டேன்.” பிஸ்கெட் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிரிக்கவில்லை. “அந்த எளனி என்னாச்சுண்ணே?”

“நான்தான் குடிச்சேன்.”

குணா சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. பொட்டலத்தை என் மடியில் வைத்தான்.

“அன்னைக்கு நீங்க வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா போதும்ணே.”