அடுத்த மாடலும் ஒரு கவுளியும்

எந்தப் பொருளையும் நான் உடனே வாங்கியதில்லை. இதை நான் விவேகம் என்பேன். வீட்டில் இதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். மிக்ஸி வாங்கப் போன இடத்தில், இதைவிட நல்லது சீக்கிரம் வருகிறது என்று கடைக்காரர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். வெறுங்கையோடு திரும்பி வந்து ஒரு வருடம் அம்மியோடு வாழ்ந்தோம். அரைத்தது நான் இல்லை என்பதால் அந்த வருடம் எனக்குச் சீக்கிரமாகவே ஓடிவிட்டது.

அப்படிப்பட்டவனின் மனைவிக்குத்தான் புதுக் கணினி தேவைப்பட்டது.

வெண்ணந்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அவள் சேலை டிசைன் போடுகிறாள். கரை, முந்தி, புட்டா எல்லாவற்றையும் திரையில் கட்டம் கட்டமாக வரைந்து அனுப்பினால், அதைப் பார்த்துத் தறியில் ஏற்றுவார்கள். அவளுடைய கணினி ஒரு பெரிய கறுப்புப் பெட்டி. வெயில் ஏறினால் அதற்கு மூச்சு இரைக்கும். பிறகு அப்படியே உறைந்து நிற்கும். காலையிலிருந்து வரைந்தது போய்விடும். அவளுக்கு அதிக வேலை கொடுக்கிற மல்லசமுத்திரத்துத் தறிக்காரர் ஆவணி முகூர்த்தச் சேலைக்கு டிசைன் கேட்டிருந்தார். இந்த முறையும் தள்ளிப்போனால் ஈரோட்டில் ஆள் பார்த்துக்கொள்வதாகத் தன்மையாகச் சொல்லிவிட்டார். அந்தத் தன்மைதான் அவளைப் பயமுறுத்தியது. கத்தியிருந்தால் சமாதானம் பேசலாம்.

அவளுடைய தம்பி, சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் கணினிக் கடை வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்தவன், டிஃபன் டப்பா அளவில் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது, இந்த வேலைக்கு அது போதும் என்றான். நான் உடனே கைப்பேசியில் ஆராய்ச்சியில் இறங்கினேன். அந்த டப்பா கூடிய சீக்கிரம் புது வடிவத்தில் வரப்போகிறதாம். இன்னும் சின்னதாம், இன்னும் குளிர்ச்சியாம். பொத்தானை மட்டும் அடியில் வைக்கப் போகிறார்களாம். இதையெல்லாம் ஒரு வீடியோவில் ஒருவர், பெட்டியை வயிற்றில் சுமந்து பெற்றவர் போல விவரித்தார்.

“நல்லவேளைங் மாமா,” என்றான் மைத்துனன். “எங்கக்காளப் பாக்க வந்தப்ப, அடுத்த மாடல் வரட்டும்னு எந்திரிச்சுப் போகாம இருந்தீங்க.”

“போயிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்,” என்று அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

நான் அசரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அறைக்குள் எங்கிருந்தோ “ச்சு ச்சு ச்சு” என்று சத்தம் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசும்போது கவுளி சத்தம் போட்டால், அவர் சொன்னதற்குத் தெய்வமே கையெழுத்துப் போட்ட மாதிரி. கவுளி என்பது பல்லிதான். சுவரில் ஓடும்போது பல்லி; குறி சொல்லும்போது அதற்குக் கவுளி என்று மரியாதைப் பெயர். என் மனைவி பிறந்த வீட்டில் கவுளி சொல்லாமல் கிணற்றுக்குப் போர் போட்டதில்லை, பெண் கொடுத்ததுமில்லை. என்னைப் பார்த்துவிட்டு வந்த அன்றும் அது சொல்லித்தான் இருக்கிறது. அந்த ஒரு தீர்ப்பைப் பற்றி மட்டும் அவளுக்கு மேல்முறையீடு உண்டு.

அவள் மேஜையை விரலால் மூன்று முறை தட்டிவிட்டு, “சரிங்க, பொறுப்போம்,” என்றாள். முகம் வாடியிருந்தது.

நான் வெற்றி பெற்றுவிட்டேன். அதன் பிறகு எப்போது பேச்சு வந்தாலும் இதே கதைதான். அவள் “வாங்கிடலாமுங்களா?” என்று கேட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். ஒன்றும் வராது. நான் பொறுக்கலாம் என்றால் உடனே “ச்சு ச்சு ச்சு.” இடையில் கறுப்புப் பெட்டி இரண்டு புட்டாவையும் ஒரு கரையையும் விழுங்கிவிட்டது. அவள் மறுபடி வரைந்தாள்.

ஒரு கட்டத்தில் அவளுக்கு என்மேல் சந்தேகம் வந்தது. அது நியாயம்தான். நான் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துவேன், ராசிபுரம் பஸ்ஸின் ஹாரன் அடிப்பேன், தறிக்காரர் செருமுவதைச் செருமிக் காட்டி அவளையே எழுந்து நிற்க வைத்திருக்கிறேன். “நீங்கதான பண்றீங்க?” என்றாள். இல்லை என்று சத்தியம் செய்தேன். என் சத்தியத்துக்கு வீட்டில் என்ன மதிப்போ, அதுவே கிடைத்தது.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த அறையில் பல்லியே கிடையாது. கீபோர்டில் எச்சம் போடுகிறது என்று அவள் முட்டை ஓடுகளை அலமாரியிலும் ஜன்னலிலும் வைத்து எல்லாவற்றையும் துரத்தியிருந்தாள். நாமக்கல் மாவட்டத்தில் முட்டை ஓட்டுக்கு என்ன பஞ்சம்? டியூப்லைட்டைச் சுற்றிப் பூச்சிகள் பயமில்லாமல் ஆடின.

ஒருநாள் மத்தியானம் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, வரப்போகும் டப்பாவைப் பற்றிய இன்னொரு வீடியோவைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வெயிலில் தெரு வெளுத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தறிகள் சாப்பாட்டு நேரத்துக்காக நின்றிருந்தன. எங்கள் ஊரில் தறி நின்றால்தான் காது வலிக்கும். பொறுப்பதே நல்லது என்று நினைத்தேன். நினைத்ததுதான், வாய் திறக்கவில்லை.

“ச்சு ச்சு ச்சு.”

சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மேஜைக்கு அடியில் பார்த்தேன், திரைக்குப் பின்னால் பார்த்தேன். பிறகு, யாரிடம் பேசுகிறேன் என்று தெரியாமலே, “இன்னைக்கே வாங்கிடலாம்,” என்று சொல்லிப் பார்த்தேன். பதில் இல்லை. அதுவரை இரைந்துகொண்டிருந்த கணினியின் விசிறியும் நின்றது. திரையில் அவள் பாதி வரைந்திருந்த முந்தி அப்படியே உறைந்திருந்தது. எவ்வளவு தட்டியும் அசையவில்லை. நான் தெருவுக்கு வந்து, அவள் வரும்வரை வெயிலில் நின்றேன். தலைக்குள் ஏதோ கெட்டுவிட்டது என்று எதிர்வீட்டுக்காரர் நினைத்திருப்பார். அது அவருடைய பழைய கருத்துதான்.

மறுநாள் மைத்துனன் வந்தான். திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டை எடுத்தான். உள்ளே பஞ்சு போலத் தூசி. விசிறிக்குக் கீழே தூசியோடு தூசியாக ஒரு பல்லி ஒட்டியிருந்தது. செத்து, காய்ந்து, வடகம் மாதிரி ஆகியிருந்தது. அதன்மேல் சிலந்தி வலை பின்னி, அந்த வலையும் பழசாகிக் கறுத்திருந்தது. அவன் அதைக் காகிதத்தில் எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“இது செத்து ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்ங் மாமா,” என்றான்.

எனக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது. சாவு வீட்டில்கூட ஏதாவது சொல்லி வைப்பேன். ஆகவே, “சாட்சி செத்துப் போச்சு. வழக்க ஒத்தி வெச்சுட்டு இன்னுங் கொஞ்ச நாள் பொறுக்கலாம்,” என்றேன்.

“ச்சு ச்சு ச்சு.”

மின்சார வயரைப் பிடுங்கியிருந்தோம். மைத்துனன் காகிதத்தைப் பார்த்தான், பிறகு என் வாயைப் பார்த்தான். “வெளையாடாதீங்க மாமா,” என்றான். ஆனால் என் மனைவி அந்த நேரம் முழுக்க என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் உதடு அசையவில்லை என்பது அவளுக்குத் தெரியும். “சாமி,” என்று மட்டும் சொன்னாள். மெதுவாக எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் குட்டிக் கணினி வீட்டுக்கு வந்துவிட்டது. வரப்போகும் வடிவம், குளிர்ச்சி, அடியில் பொத்தான் எதைப் பற்றியும் நான் மூச்சுவிடவில்லை. காகிதத்தில் இருந்ததை மைத்துனன் வேலியோரம் புதைத்தான். நல்ல ஆழமாகத் தோண்டினான். அவனும் அக்கா வளர்த்த பிள்ளைதானே.

புதுப் பெட்டி அருமையாக ஓடியது. இரைச்சல் இல்லை, சூடில்லை. அந்த இரைச்சலின்மைதான் சிக்கலாகிவிட்டது. பழையதின் சத்தத்தில் அறையில் மற்றதெல்லாம் பாதி அமுங்கிப் போகும். இப்போது எல்லாம் கேட்கும் என்பதால் அவள் உள்ளே உட்கார மறுத்தாள். வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால் கரண்ட் போனால் கைகொடுக்கிற இன்வெர்ட்டர் இணைப்பு அந்த அறைக்கு மட்டும்தான் இருக்கிறது. நான் கூடவே உட்கார்ந்தேன். அப்போதும் ஒரு கோடு போடுவாள், சுவரைப் பார்ப்பாள், அடுத்த கோட்டைத் தப்பாகப் போடுவாள். தறிக்காரர் மறுபடி போன் செய்தார். முன்னைவிடத் தன்மையாகப் பேசினார். முந்தி பாதியில் நின்றது.

மறுநாள் காலை சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள்.

“ஏனுங்க, நெசத்தச் சொல்லுங்க. அது நீங்கதானுங்களே?”

ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் குற்றம் சாட்டுகிற குரல். இந்த முறை கெஞ்சுகிற குரல். அவளுக்கு என்ன பதில் தேவை என்பது புரிய, என்னைப் போன்றவனுக்கே நேரமாகவில்லை.

“ஆமா புள்ள, நாந்தான்,” என்றேன்.

“உங்க வாய் அசையவே இல்லியே.”

“தொண்டையிலயே பண்ணுவேன். ஒதடு எதுக்கு?”

“எங்க, பண்ணுங்க பாக்கலாம்.”

வாயை மூடிக்கொண்டு முயன்றேன். விக்கல் வந்த கோழி போல ஒரு சத்தம் வந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அது போல இல்லையே என்றாள். சட்னி காரம், தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டாள் போலிருந்தது. பிறகு திட்ட ஆரம்பித்தாள். ஐம்பது வயசுக்கு இது ஒரு பொழைப்பா என்று தொடங்கி, போன கரை, போன புட்டா, பயத்தில் தூங்காத ராத்திரிகள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லித் திட்டினாள். திட்டத் திட்ட அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. நான் தலையைக் குனிந்துகொண்டு இட்லியைத் தின்றேன். செய்யாத தப்புக்கு வாங்கும் திட்டு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

தட்டை எடுத்துக்கொண்டு போனவள், நேராக முன்னறைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தாள். சுட்டெலியின் “டிக், டிக்” கேட்டது. நிற்காமல் கேட்டது.

நான் கொல்லைப்புறம் போய் வேப்பமரத்தடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆரம்பித்தேன். அங்கிருந்து முன்னறை வரை இடையில் மூன்று சுவர்கள். தொட்டியைத் தேய்க்கிற சத்தத்தில் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. வாயிலே பீடிகூட இல்லை.

அதையும் மீறி வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் உரக்க வந்தது. பயமில்லாத, அலுத்துப்போன குரல்.

“போதும் நிறுத்துங்க. முந்தி முடியப் போவுது.”

கையிலிருந்த தேங்காய் நாரைத் தொட்டி விளிம்பில் வைத்தேன். பிறகு, அவளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

“சரி புள்ள, நிறுத்திட்டேன்.”