தேதி மாற்ற முடியாத டிக்கெட்

ஜிப்பக்காவின் பொறாமையை நான் பதினோரு வருடமாகப் பக்கத்துக் கடையிலிருந்து பார்த்து வருகிறேன். என்னுடையது ஜெராக்ஸ் கடை. போட்டோ பிரிண்ட், டிக்கெட் புக்கிங்கும் உண்டு. அவளுடையது பை, பெட்டி ரிப்பேர் கடை. அறுந்த ஜிப், உடைந்த சக்கரம், பிய்ந்த கைப்பிடி, எதைக் கொண்டுவந்தாலும் சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடுவாள். அவளுக்கு நிஜப் பெயர் ஒன்று இருக்கிறது. அது அவளுடைய பாஸ்புக்குக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தக் கதை நடக்கும்வரை அவள் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் எந்தக் கம்பெனிக்காரன் பெட்டியை எப்படித் தூக்கிப் போடுவான் என்று சக்கரத்தைப் பார்த்தே சொல்வாள். கைப்பிடியில் ஒட்டியிருக்கும் விமானச் சீட்டைப் படித்துவிட்டுத்தான் பெட்டிக்காரர் முகத்தைப் பார்ப்பாள். மலிவு விமானம் என்றால் "சாயங்காலமா வாங்க." பெரிய கம்பெனி என்றால் "உக்காருங்க." இவளுக்கு எதற்கு இந்தப் பாகுபாடு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரே மகள். கல்யாணமாகி நாலு மணி நேர விமான தூரத்தில் இருக்கிறாள். மகளுடைய மாமியார் ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஜிப்பக்கா நேரில் பார்த்தால் "சம்பந்தியம்மா." முதுகுக்குப் பின்னால் "அந்த டீச்சர்." டீச்சர் போன வருடம் ஜிப் மாற்ற ஒரு பெட்டி கொடுத்தார். அதில் ஐந்து சீட்டு, ஐந்தும் பெரிய கம்பெனி.

"வேணும்னே கிழிக்காம வச்சிருக்கா, நான் பாக்கணும்னு," என்றாள் ஜிப்பக்கா. காதில் புகை வராத குறை. ஆனாலும் ஜிப்பை ஒழுங்காகத்தான் தைத்துக் கொடுத்தாள். வேலை விஷயத்தில் அவள் யாருக்கும் வஞ்சனை செய்ததில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

இப்படி இருக்கும்போது மகள் உண்டானாள். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி பதினெட்டு. மகள் வீட்டில் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு கட்டில்தான். "ஒருத்தர் இருந்துட்டுப் போனதும் இன்னொருத்தர் வாங்க. யார் முதல்லங்கறத நீங்களே பேசிக்கங்க," என்று மகள் போனில் சொல்லிவிட்டாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சு நடக்கவே இல்லை. அதற்குள் டீச்சர் பெரிய கம்பெனியில் டிக்கெட் போட்டு வைத்துவிட்டார். எந்தத் தேதிக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், காசு கிடையாது. வலி எடுத்ததாகப் போன் வந்தால் அடுத்த விமானத்தில் போய் இறங்கலாம்.

ஜிப்பக்கா தைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பையைக் கையில் பிடித்தபடியே என் கடைக்கு வந்தாள்.

"ஏய் ஜெராக்ஸ், அவ போறதுலயே எனக்கும் ஒண்ணு போடு."

விலையைத் திரையில் காட்டினேன். அவளுடைய மூன்று மாத வேலை அது.

"மலிவு விமானம் ஒண்ணு இருக்குக்கா. ஆனா கையில ஏழு கிலோதான். தண்ணிக்கும் காசு. முக்கியமா, தேதிய மாத்த முடியாது. போற தேதி, வர்ற தேதி ரெண்டும் இப்பவே சொல்லணும்."

"மாத்த முடியாதா? அவங்ககிட்ட கேட்டுப் பாரேன்."

"யார்கிட்டக்கா கேக்கறது? இதுல ஆளே இல்ல."

ஒரு வாரம் யோசித்தாள். ஒருநாள் "அந்த டப்பா பிளேன்ல போய் இறங்கினா டீச்சர் என்ன நினைப்பா?" என்பாள். மறுநாள் "அவ நினைச்சா எனக்கென்ன?" என்பாள். எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. எட்டாம் நாள் முகம் தெளிந்து வந்தாள்.

"அஞ்சாம் தேதி போறேன். இருபதாம் தேதி திரும்பறேன். கட்டில்ல நான் இருந்தா அவ எங்க வந்து படுப்பா? குழந்தைய முதல்ல தூக்கறது நான்தான்."

"அக்கா, தலைப்பிரசவம் தள்ளிப் போகலாம். பதினாறுல இருந்து மாசக் கடைசி வரைக்கும் போட்டுக்கங்க."

"பதினாறு வரைக்கும் நான் இங்க இருந்தா அவ பத்தாம் தேதியே ஏறிடுவா. அவளுக்கென்ன, மாத்தற டிக்கெட்டு! என் பொண்ணே பத்து நாள் முன்னாடி பொறந்தவதான். எனக்குத் தெரியாதா?"

பொறாமை பிடித்தவளோடு யார் மல்லுக்கட்டுவது? பட்டனை அமுக்கினேன்.

ஏழு கிலோவைப் பற்றி மட்டும் அவள் கவலைப்படவில்லை. விமானக் கம்பெனி சொன்ன நீள அகலத்துக்கு ஒரு விரல்கூடக் குறையாமல், பாராசூட் துணியில் பஞ்சு போல ஒரு பை தைத்தாள். அது போதாதென்று ஒரு கோட்டுக்கு உள்பக்கம் பதினான்கு பாக்கெட் வைத்து, குழந்தைச் சட்டை, தொப்பி, காலுறை எல்லாவற்றையும் அதில் அடைத்துப் போட்டுக்கொண்டாள். பார்க்க அவளே பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இருந்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இருபத்தோராம் தேதி காலையில் அவள் கடை திறந்திருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், பைகள் மலையாகக் கிடந்தன. அவள் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பொறக்கல," என்றாள்.

டீச்சர் தன் டிக்கெட்டை இருபதாம் தேதிக்கு மாற்றிக்கொண்டாராம். இவளை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, அதே காரில் தன் அம்மாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார் மாப்பிள்ளை. ஒரே பெட்ரோலில் இரண்டு வேலை.

"வாசல்ல என் கையப் பிடிச்சிக்கிட்டு, 'நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க'ங்கறா. வேற எது சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்."

வயிற்றெரிச்சலில் அவள் குரலே மாறியிருந்தது. நான் சொன்னதைக் கேட்டீங்களா என்று கேட்க வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

"அது கூடப் போகட்டும். கிளம்பற அன்னிக்குக் காலைல என் பொண்ணு கேக்கறா. 'அம்மா, பதினஞ்சு நாளா என் வயித்தையே பாத்துக்கிட்டு இருந்தியே, என் மூஞ்சிய ஒரு தடவையாவது பாத்தியா?'ன்னு. கல்யாணம் ஆனதுக்கப்புறம் அவளோட நான் தனியா இருந்த பதினஞ்சு நாள் இதுதான், ஜெராக்ஸ். தினமும் காலைல எழுந்ததும் 'வலிக்குதா'ன்னு மட்டும்தான் கேட்டேன். ராத்திரி அவ தூங்கினாளான்னு கேக்கல."

அவள் அழுதாள். கிண்டல் செய்யத்தான் எனக்கு நன்றாக வரும். டீ வாங்கி வந்து வைத்தேன், ஆறிப்போயிற்று.

அடுத்த நாள் குழந்தை பிறந்தது. பெண். போட்டோ வந்ததும் ஜிப்பக்கா செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்தாள்.

"பெருசாப் போட்டுக் குடு. கடைல மாட்டணும்."

திரையில் திறந்தேன். மருத்துவமனைத் துணியில் சுற்றிய, கண் திறக்காத சின்ன முகம். தாங்கிப் பிடித்திருந்தவை இரண்டு வயதான கைகள், ஒரு விரலில் டீச்சரின் தடிமனான நீலக்கல் மோதிரம். ஜிப்பக்காவின் முகம் போன போக்கு எனக்குத் தெரியும்.

"அந்தக் கைய வெட்டிடு."

"அக்கா..."

"முடியுமா முடியாதா?"

முடியும். கைகளைச் சுற்றிக் கோடு போட்டு அழித்தேன். வெள்ளைத் திரையில், கீழே ஒன்றுமே இல்லாமல், குழந்தை மட்டும் தொங்கியது.

"ஐயோ, விழுந்துடப் போகுது!" என்று இரண்டு கையையும் திரைக்குக் கீழே நீட்டினாள். தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போன கைகள். நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. கூச்சத்தோடு இழுத்துக்கொண்டாள்.

பழைய படத்தைத் திரும்ப வரவழைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கழுத்துக்கு அணை குடுத்துத்தான் பிடிச்சிருக்கா," என்றாள் கடைசியில். "சரி, கை இருக்கட்டும். அந்த மோதிரத்த மட்டும் எடுத்துடு."

எடுத்துக் கொடுத்தேன்.