உடமரத்தடியில் ஒரு பக்கி

சந்தனச்செல்விக்குப் பறவைப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் சர்க்கரை வியாதி. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். உடன்குடியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவள் தெருவில் நடந்தால், வழிநெடுக வாடிக்கைக்காரர்கள் மறித்துப் பேசினார்கள். அதனால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தேரிக்காட்டுக்குப் போனாள்.

சிவப்பு மணல், மேட்டுக்கு மேல் மேடு, நடுநடுவே பனையும் முள் அடர்ந்த உடமரமும். முதல் நாளே அந்தக் காட்டின் விளிம்பில் ஒரு பனங்காடை சிறகை விரித்து எழும்பியது. எத்தனையோ நீல வளையல்களை விற்றவள், அப்படி ஒரு நீலத்தைக் கண்டதேயில்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள்.

மறுமாதம் பைனாகுலர் வாங்கினாள்.

"மயிலப் பாக்க எதுக்குளா இது? ஓட்டு மேலதான ஏறி நிக்கி, அண்ணாந்து பாரு!" என்று சிரித்தான் கணவன் பாலகணேஷ்.

அவள் தேடியது மயிலை அல்ல. பகலெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் ஒரு பறவையை. அதன் தமிழ்ப் பெயர் பக்கி. எங்கள் பக்கம் பக்கி என்றால் சோற்றுக்கு அலைகிறவர் என்று வசவு. இவ்வளவு அடக்கமான பறவைக்கு அந்தப் பெயரா என்று அவளுக்கு ஆற்றாமை.

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்பு அவள் தேடியது கிடைத்தது. தேரிக்குள் இருக்கும் குலசாமி சாஸ்தா கோயிலுக்குப் பக்கத்தில், உடமரத்தடி நிழலில், வெறும் மணலில் முட்டை மேல் படுத்திருந்தது. ஆனால், தலைமுறை தலைமுறையாக அவர்கள் குடும்பம் உத்திரப் பொங்கலுக்கு அடுப்புக் கூட்டுகிற மரத்தடி அது!

வீட்டில் சொல்லிப் பார்த்தாள். "குருவிக்காக எடத்த மாத்தணுமாக்கும்?" என்று மாமியார் முத்துக்கனி ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள்.

உத்திரத்தன்று வேன் நின்றதும் முத்துக்கனிதான் முதலில் இறங்கினாள். அடுப்புக் கற்களைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய் அந்த மரத்தடியில் உட்கார்ந்தேவிட்டாள். பானையோடு பின்னால் வந்த செல்விக்கு உயிரே போனது. கணவனைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க! உடமரத்தடியில பக்கி உக்காந்திருக்கு!"

சொந்தபந்தம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மரத்தடியில் உட்கார்ந்திருந்தது முத்துக்கனி.

"மைனி, இத்தன வருசமா மனசுல வச்சிருந்தத சாஸ்தா முன்னால சொல்லிட்டீங்களே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் நாத்தனார் ரம்யா.

"ஏளா! யாரப் பாத்து பக்கிங்குத?" முத்துக்கனியின் கண் சிவந்தது. "எலே பாலகணேசு, கேட்டியா ஒம் பொண்டாட்டி பேச்ச?"

"ஐயோ அத்தை, ஒங்கள இல்ல! பறவை! அசையாதீங்க!"

ஓடி வந்து மணலில் முழங்காலிட்டாள் செல்வி. மாமியாரின் கைக்கு எட்டும் தூரத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"மண்ணும் சருகும்லா கெடக்கு."

"அந்தச் சருகுக்குக் கண்ணு இருக்கு, அத்தை. நல்லாப் பாருங்க."

முத்துக்கனி குனிந்தாள். சருகில் ஒரு கீறல் இருந்தது. அந்தக் கீறல் மெல்லப் பிளந்தது. பூமியே கண் திறந்தது போல, கறுத்துப் பளபளக்கும் ஒரு விழி அவளைப் பார்த்தது! அடுத்த கணம் மண் எழும்பிப் பறந்தது. சற்றுத் தள்ளி விழுந்து, ஒடிந்ததுபோல் ஒரு சிறகை இழுத்துக்கொண்டு துடித்தது.

"அடி பட்டுட்டாளா?"

"நடிக்கா அத்தை. நம்மள அவ பின்னால வரச் சொல்லுதா, முட்டைய விட்டுட்டு."

விட்டுப் போன இடத்தில் இரண்டு முட்டைகள். கூடு இல்லை, சுள்ளி இல்லை, மணல் மட்டுமே. முத்துக்கனி எழுந்தாள். கொண்டுவந்த கற்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தாள்.

"எடத்த மாத்துனா சாமி ஏத்துக்கிடுமா, பெரியம்மா?" என்றது ஒரு குரல்.

"நமக்கு முந்தி அவ எடம் பிடிச்சிருக்கா. சாஸ்தா பாத்துக் குடுத்த எடம்தான அது? தூக்குங்கலே பானைய!"

கொளுத்தும் வெயிலில், புகை அந்தப் பக்கம் போகாத மேட்டில் அடுப்பு எரிந்தது. செல்வி பைனாகுலரை இறக்கவேயில்லை. வருமா? நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. வெயில் விழுந்தால் முட்டை வெந்துவிடும்.

பானை நுரைத்துப் பொங்கி வழிந்தது. குலவையிடப் பெண்கள் நாக்கைச் சுழற்றியபோது, முத்துக்கனி உதட்டில் விரலை வைத்தாள். அந்தக் குடும்பத்தில் குலவை இல்லாமல் பொங்கிய பொங்கல் அது ஒன்றுதான். கூட்டம் மொத்தமும் மூச்சடக்கி நின்றது.

மணலை ஒட்டியே பறந்து வந்தது பக்கி. இறங்கி, குறுகுறுவென்று நடந்து, முட்டைகள் மேல் வயிற்றைப் பதித்தது. கண்ணை மூடியது.

செல்வி பைனாகுலரை மாமியார் கண்ணில் வைத்துப் பிடித்தாள். முத்துக்கனி வெகுநேரம் துழாவினாள்.

"எங்களா போயிட்டா?"

"அங்கனதான் இருக்கா, அத்தை."